விரிசல் விட்ட பில்லியர்ட்ஸ் கோல்

தோழிகளே, எல்லாரும் தூங்கியபின் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குப் பழைய பில்லியர்ட்ஸ் கோல் சேர்க்கும் பைத்தியம். அதிகம் பேர் அறியாத தச்சர்கள் தனியாகச் செய்து கொடுத்தவையாக இருக்க வேண்டும். இன்று கொழும்பு நண்பருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். பங்களாவில் சமைக்கும் அப்பாவுக்கு உதவியாக நானும் நின்றேன்.

ஒரு கோலின் அடியில் நீளமான விரிசல்.

"கிளப்புல வாங்கினது," என்றார் துரை சிங்களத்தில். "புள்ளி எழுதுற பையன் வெள்ளைக்காரத் துரைக்குக் குறைச்சுச் சொல்லிட்டானாம். அவர் அவன் முதுகுல போட்ட போடு இது!"

"அப்ப மதிப்பு இன்னும் கூடுமே!" நண்பர் சிரித்தபடி அந்த விரிசலை ஆசையாகத் தடவினார்.

அந்தப் பையன் என் அப்பா. தழும்பு இன்னும் இருக்கிறது.

வரும் வழியில் கேட்டேன். "ஏம்ப்பா சும்மா இருந்தீங்க?"

"சொன்னா வேலையும் போயிரும், தோட்டம் குடுத்த லயத்து வீடும் போயிரும். நீயும் வாயத் தொறக்காத புள்ள."

கோலைச் செய்தவர் யாரென்று துரையும் நண்பரும் நாங்கள் கிளம்பும்வரை ஆராய்ந்தார்கள். அடி வாங்கியவர் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு முதுகுகளிலும் இப்படி மதிப்புள்ள சாமான் ஏதும் உண்டா? எழுதுங்கள், துரை சேர்க்கிறார்.