கழிக்க மறந்த ஆறரை மணி நேரம்

என் மகள் ஆக்லாந்தில் விமானங்களுக்கு வழி கணிக்கிறாள். எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவள் கணித்துக் கொடுத்த பிறகுதான் விமானம் கிளம்பும். ராமநாதபுரத்தில் இதை நான் விளக்கிச் சொல்லாத ஆள் இல்லை. பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். உலக உருண்டையில் நூல் வைத்துத் தூரம் அளக்க அவளுக்குப் பழக்கியதும் நானே என்று சேர்த்துச் சொல்வேன்.

அவள் அம்மா ஒரு விடியற்காலையில் இறந்தாள். அங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்கு விமானம் என்று மகள் போனில் சொன்னாள். இறங்கும் நேரத்தையும் சொல்ல வந்தாள். எனக்குக் கணக்குத் தெரியாதா என்று போனை வைத்துவிட்டேன்.

சாமியானாப் பந்தலில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். சிங்கப்பூருக்குப் பத்தரை மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு மதுரை, மொத்தம் பதினெட்டு. மறுநாள் மாலை ஆறரைக்குத்தான் மதுரையில் இறங்குவாள், வீட்டுக்கு வர ஒன்பதாகும் என்றேன். இருட்டிய பிறகு எடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இன்னுமொரு நாள் வைத்திருக்க மைத்துனர் சம்மதிக்கவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கே எடுத்துவிட்டோம்.

ஆக்லாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முந்தியது. அதை நான் கழிக்கவில்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே கணக்கு.

பன்னிரண்டு மணிக்கு மதுரையில் இறங்கி அவள் அழைத்தபோது போன் வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சுடுகாட்டில் நின்றேன். இரண்டரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. நாங்கள் குளித்த ஈரம்கூடக் காயவில்லை.

“ராத்திரி ஒம்பதுன்னீகளே மாப்ள?” என்றார் மைத்துனர்.

முந்தின விமானத்தில் இடம் கிடைத்திருக்கும் என்றேன். மகள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

“ஆமா மாமா. முந்துன பிளைட்டு கெடச்சிருச்சு.”

அந்தக் கணமே பழி அவள் மேல் போனது. சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் போட்டிருந்தால் பெத்தவள் முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று ஒவ்வொரு திதியிலும் யாராவது சொல்வார்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவளும் இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

இந்த வருடத் திதியில் மைத்துனர் அதே பேச்சை எடுத்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, முந்தின விமானம் என்று ஒன்று இல்லை, என் கணக்குத்தான் தப்பு என்று சொன்னேன். மைத்துனர் கை கழுவிவிட்டு வந்து, “போனப் போடுங்க. அந்தப் பிள்ளைகிட்ட நான் பேசணும்” என்றார்.

நெடுநேரம் பேசினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் கொடுத்தார்.

“சாப்டீகளா அய்யா?” என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

“இங்கன மணி எட்டு. அங்கன ஒண்ணரை இருக்கும். போய்ச் சாப்பிடுங்க.”

சரியாக ஒன்றரைதான். விமானங்கள் அவள் சொன்ன நேரத்துக்கு இறங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.