சித்தியின் நிச்சயத்துக்கு வந்த டாக்டரம்மா

எங்கள் சித்தியின் நிச்சயத்துக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார் என்றால் இப்போது யாரும் வாயைப் பிளக்கப் போவதில்லை. அன்றைக்குக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை வரவழைத்த குற்றவாளி நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதில் சீழ் பிடித்ததில் அவளுக்கு இடது காது அடியோடு கேட்காமல் போய்விட்டது. வலது காதோ பாம்புச் செவி. நான் மூன்றாவது அறையில் வெல்லத்தைத் திருடினாலும் கேட்டுவிடும். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற காதைப் பற்றியா விசாரிப்பார்கள்? இரண்டு வரன்கள் விஷயம் தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது அம்மா வீட்டில் எல்லோருக்கும் வாய்ப்பூட்டு போட்டுவிட்டாள். சித்தி ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு போச்சு என்று அடக்கிவிட்டாள்.

அந்த வெள்ளைக்கார டாக்டரம்மா பக்கத்து ஊரில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சித்தியின் காதுக்கு ஆறு மாதம் மருந்து விட்டவர் அவர்தான். புத்தகத்தில் படித்த தமிழை அப்படியே பேசுவார். ஊசி போடும்போது எல்லா டாக்டர்களும் வலிக்காது என்பார்கள். இவர் "வலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் குத்துவார். பொய் சொல்லும் அளவுக்கு அந்தம்மாவுக்கு இன்னும் தமிழ் வரவில்லை என்று அப்பா சிரிப்பார்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் சித்தி ஒரு கூடை கொய்யாப்பழத்தைக் கொடுத்து என்னை அவரிடம் அனுப்பினாள். தாம்பூலம் மாற்றுகிற நேரத்துக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். அதை இரண்டு தடவை என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். தான் அனுப்பியதாக அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் போய்க் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வந்தேன்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே இறங்கினார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. என்னை அடுக்களைக்கு இழுத்துப் போய் யார் கூப்பிட்டது என்று கேட்டாள். நான்தான் என்றேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கையில் ஒரு தட்டும் வந்தது. தட்டு நிறைய ஒப்பட்டு, எங்கள் ஊர்ப் போளி. உலகச் சண்டை நடந்த காலம், சர்க்கரை கிடைக்காது. பருப்பும் வெல்லமும் வைத்து அம்மா விடியற்காலையிலிருந்து தட்டியது.

"அந்தம்மா வாயத் தொறக்கக் கூடாது. பக்கத்துலயே குந்திக்கினு ஒண்ணொண்ணா குடுத்துக்கினே இரு."

நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா மூன்று ஒப்பட்டு வரைக்கும் சந்தோஷமாகச் சாப்பிட்டார். நாலாவதைக் கடமைக்குச் சாப்பிட்டார். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "போதும், குழந்தாய்" என்றார்.

இதற்குள் வேறொரு காரியம் கெட்டுக்கொண்டிருந்தது. சித்தியின் இடது பக்கம் யாரும் உட்காரக் கூடாது என்று அம்மா அவளைச் சன்னல் ஓரமாக ஒட்டி உட்கார வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரி. புழுக்கம் தாங்காமல் சன்னல் காற்றைத் தேடிக்கொண்டு போய் அந்த இடுக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்க வூட்டுல எருமை மூணு இருக்குது, பால் கறப்பியா என்று கேட்டார். சித்தி தலை குனிந்தபடி இருந்தாள். மறுபடி கேட்டார். சித்தி பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாளின் முகம் மாறிப்போனது. அவருடைய அண்ணன்தான் தாம்பூலத் தட்டோடு நின்றிருந்தார். அண்ணனின் துண்டைப் பிடித்து இழுத்து, எனக்கென்னமோ மனசு ஒப்பலை என்று அந்த அம்மாள் சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணன் கையமர்த்திவிட்டுச் சபையைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றும் முன்னால், சபையில் யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மூன்று முறை கேட்பார்கள். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. கேட்கிறவரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அந்த அண்ணன் ஒரு முறை கேட்டார், இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டதும் டாக்டரம்மா ஒப்பட்டோடு எழுந்து நின்றார்.

நான் அவர் கவுனைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார்.

"எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. இந்தப் பெண்ணின் இடது காது கேளாது. ஆறு மாதம் வைத்தியம் செய்தேன். என்னால் காப்பாற்ற முடியவில்லை. வலது காது நன்றாகக் கேட்கும்."

ஏதோ தன் தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். சித்தியின் தலை இன்னும் குனிந்தது. தோள் லேசாக அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா தரையில் கையூன்றி எழுந்தார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர் சித்தியை மெல்லச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"ரெண்டு வாட்டி கேட்டேன், ராங்கின்னு நெனச்சுட்டேன் தாயி. எருமை கறப்பியா?"

"கறப்பேனுங்க. ஒதைக்கற எருமையா இருந்தாலும் கறப்பேனுங்க" என்றாள் சித்தி.

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். அப்புறம் கூடமே சிரித்தது. அப்பா தட்டை எடுத்துக்கொண்டார். தாம்பூலம் மாறியது. டாக்டரம்மா எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு ஐந்தாவது ஒப்பட்டையும் சாப்பிட்டு முடித்தார்.

காரியம் நல்லபடியாக முடிந்தும் அம்மாவுக்கு என் மேல் கோபம் ஆறவில்லை. எல்லோரும் போன பிறகு சித்தி தலைப் பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேலை பண்ணினே போ" என்றாள்.

எங்கள் வீட்டில் குடத்தை உடைத்தால்தான் அப்படிச் சொல்வார்கள். அம்மா கிள்ளியதற்கு அழாத நான் அதற்கு அழுதேன். சித்தி அரூர்ப் பக்கம் போய், எருமை கறந்து, மாமியாரின் இடது பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளினாள். நான் போகிறபோதெல்லாம் எனக்கென்று தனியாக நெய் எடுத்து வைத்திருப்பாள். திட்டியதற்குப் பரிகாரம் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் என் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தேன். சித்தி கொய்யாக் கூடையைக் கொடுத்து, தாம்பூலம் மாற்றுகிற நேரத்துக்கு வரச் சொன்னாள் என்று ஆரம்பித்தவள், அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சித்தி என்னைத் திட்டவே இல்லை.