பலம் பதினெட்டு, புத்தி மூன்று

அந்தச் சனிக்கிழமை மேல்வீட்டு முன் அறையில் நான்கு பேர் இருந்தோம்: கம்பஸில் படித்துக்கொண்டிருந்த மேல்வீட்டு அண்ணன், அவருடைய இரண்டு தங்கைகள், நாலாம் ஆண்டு படித்த நான். என் அம்மா கார்மெண்ட் தொழிற்சாலைக்கும், அப்பா பிலிமத்தலாவையில் அரிசி மூட்டை இறக்கவும் போயிருந்தார்கள். இருந்திருந்தால் என்னை விளையாட விட்டிருக்க மாட்டார்கள். பகடை உருண்டாலே அப்பாவுக்கு அது சூதுதான். மாசச் சம்பளத்தைச் சூதில் விட்ட சித்தப்பாவை அவர் உதடு கிழிய அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனின் விளையாட்டில் காசு கிடையாது. அவர் ஒரு கதை சொல்வார். அதில் வரும் ஆட்களாக நாங்கள் பேச வேண்டும். செய்தது பலித்ததா என்று பகடை சொல்லும். ஆளுக்கொரு தாள். அந்த ஆளின் பலம், புத்தி எல்லாம் இருபதுக்கு எத்தனை என்று அண்ணன் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். எனக்குக் கிடைத்தவன் தடியன் என்ற அரக்கன். பலம் பதினெட்டு, புத்தி மூன்று.

வகுப்பில் எப்போதும் சரியான விடையே சொல்ல வேண்டியிருந்த எனக்கு அது பெரிய விடுதலை.

"கதவு பூட்டியிருக்கு. என்ன செய்யிறே?" என்று கேட்டார் அண்ணன்.

"கதவுக்கு வணக்கம் சொல்றேன்."

"தெறக்கல்லையே."

"கோவமா இருக்கு போல. கெஞ்சிப் பாக்குறேன்."

"டேய் தடியா, நீ நெசமாவே இப்படித்தானா?" என்று சின்னத் தங்கை கதிரையிலிருந்து சரிந்து சிரித்தாள்.

தாளின் உச்சியில் என் பெயரைத் தமிழில் அழகாக எழுதி, கணக்குக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அது அப்பாவின் கையில் இருந்தது. அவருக்கு என் பெயரும் இலக்கங்களும் மட்டுமே வாசிக்கத் தெரியும். என்னையும் இழுத்துக்கொண்டு கெலிஓயாச் சந்திக் கடைக்குப் போனார். கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கண்ணாடியை மாட்டினார்.

"இது பெலம். பதினெட்டு. இது புத்தி..." என்று இழுத்தார். "மூணுதான் ஈக்கி."

"எத்தினைக்கு, நானா?" என்றார் அப்பா.

"இருபதுக்கு. தடியன் எண்டும் எழுதி ஈக்கி."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஸ்கூல்ல குடுத்தாங்களா?"

உண்மை தொண்டைவரை வந்தது. சித்தப்பாவின் உதடும் ஞாபகத்துக்கு வந்தது. ஆமென்று தலையாட்டினேன்.

அவர் அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "என்னைய மாதிரியேதான் போட்டிருக்காங்க" என்றார். அது கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு நாள், எங்கே என்று சொல்லாமல் என்னைக் கண்டி பஸ்ஸில் ஏற்றினார். அடங்காத பையன்களை விடும் விடுதி ஒன்றைச் சொல்லி அம்மா மிரட்டுவதுண்டு. பேராதனைப் பாலம் கடக்கும்போது அங்கேதான் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டேன்.

இறங்கிப் போனது ஒரு டியூசன் சேரின் வீடு. அப்பா தாளை நீட்டினார். சேர் வாசித்தார், சிரிப்பை அடக்கியதில் அவர் உதட்டோரம் துடித்தது. என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார். "புத்திய ஏத்தி எடுத்துரலாம். மாசம் ஆயிரத்து ஐந்நூறு."

அப்பா பேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் லொறி இறக்கப் போனார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நம்பியபடி, ஏற்கனவே தெரிந்த கணக்குகளைப் பதினொரு மாதம் அந்த வகுப்பில் திரும்பப் போட்டேன். பஸ் காசைச் சேர்க்காமல், பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.