ஒன்பது நாளும் பத்து டிகிரி

2019 ஜனவரி 16, புதன்கிழமை. ஒபாவா நகரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடக் குழுவின் தலைவி திருமதி மிலாதா கோவுத்னா, குழுவிடம் உள்ள மாற்றுச் சாவியோடு நிலவறையில் என் ஏழாம் எண் அறைக்கு வந்தார். சன்னலைத் திறந்து வைத்திருந்த மர ஆப்பைப் பிடுங்கி, சன்னலை அடைத்தார். ஆப்பின் மேல் "அசைக்க வேண்டாம், ஹனாக்" என்று பென்சிலால் எழுதியிருந்தேன். இது முதல் குற்றச்சாட்டு. இரண்டாவது குற்றச்சாட்டு வேறொருவர் மேல். அதை எழுதுவதற்கு முன், சன்னல் இரண்டு விரல் அகலம் திறந்திருப்பதில் ஓர் உயிர் எப்படித் தொங்கும் என்பதை விளக்கியாக வேண்டும்.

என் பெயர் ரதீம் ஹனாக். பதினைந்து வயதில் பள்ளியை விட்டேன். பீருக்காக பார்லியை முளைகட்டும் ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தரையில் பரப்பிய ஈர பார்லிக்குள் வெப்பமானியைச் செருகி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குனிந்து பார்த்து எழுதுவதுதான் என் வேலை. இரண்டு டிகிரி ஏறினால் முளை கட்டுக்கடங்காது. ஒரு தளம் முழுக்கப் பாழ். குனியச் சோம்பிக் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடுகிறவனுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: நாற்காலியில் எழுதுகிறவன். எங்களிடையே திருடன் என்பது அதைவிடச் சின்ன வசவு.

பாரா 2002இல் என்னிடம் வந்தாள். பென்சில் கனம் கூட இல்லாத, செம்பழுப்பு நிறச் சோளப் பாம்பு. "நானா அவளான்னு கேக்கமாட்டேன், ரதீம். பதில் தெரிஞ்ச கேள்விய எதுக்குக் கேக்கணும்?" என்றாள் என் மனைவி. பிறகு மகளோடு இருக்க ப்ர்னோ நகருக்குப் போய்விட்டாள். பொய் சொல்ல மாட்டேன்: அவள் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்துதான் இருந்தது.

பாம்பு தன் உடம்புக்குச் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியோடு கொடுத்த வட்ட வெப்பமானியைக் கண்ணாடியில் ஒட்டினேன். அது இருபத்தைந்து காட்டியது. தரையில் பலகைக்கல்லின் மேல் ஆலை வெப்பமானியை வைத்தேன், நாற்பத்தொன்று. முதல் நாளே கற்றேன்: பாம்பு படுக்கும் இடத்தில் அளக்க வேண்டும், நாம் பார்க்க வசதியான இடத்தில் அல்ல. பெட்டிக்கு அடியில் விரித்த மின்சாரச் சூட்டுப்பாயைக் கட்டுப்படுத்தும் கருவியின் உணர்முனை தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால், கருவி குளிர் என்று நம்பிப் பாயை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அதைக் கல்லின் அடியில் கம்பியால் கட்டினேன். சூடான மூலை முப்பது, குளிர்ந்த மூலை இருபத்துநான்கு. காலையும் மாலையும் எழுதினேன். பதினேழு ஆண்டுகள், பன்னிரண்டு நோட்டுகள்.

குளிர்காலத்தில் அவளை உறங்கவைப்பேன். நான்கு வாரம் இரை கிடையாது. வயிறு காலியான பின் இலைச்சருகு நிரப்பிய பெட்டியில் நிலவறைக்கு. அங்கே கூரையோரம் வெந்நீர்க் குழாய் போகிறது; பகலில் கொதிக்கும், ராத்திரியில் ஆறும். சன்னல் அடைத்திருந்தால் அறை காயும். முழுக்கத் திறந்தால் உறையும். இரண்டு விரல் திறந்தால் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நிற்கும். அந்த ஆப்பைச் செதுக்க எனக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது.

ஜனவரி 15 மாலை பித்தப்பை வலியில் மருத்துவமனைக்குப் போனேன். நிலவறைச் சாவியை மூன்றாம் மாடி அலோயிஸ் பொஸ்பீகலிடம் கொடுத்தேன். இருபத்துமூன்று ஆண்டுகளாக வியாழன்தோறும் என்னோடு சீட்டாடுகிறவர். சாவியோடு, வினிகரில் ஊறிய சாசேஜ் ஒரு ஜாடியும் கொடுத்தேன்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். பாத்து, ஆணியில தொங்குற நோட்டுல எழுது. பன்னெண்டு தாண்டினா எனக்குப் போன் பண்ணு."

"பாம்புக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடச் சொல்லாம விட்டியே, அதுவே பெரிய விஷயம்ப்பா."

ஒவ்வொரு நாளும் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நானே அழைத்தேன்.

"எவ்வளவு, அலோயிஸ்?"

"பத்து. மகாராணி தூங்குறா. நீயும் தூங்கு."

ஜனவரி 25இல் அறுவை முடிந்து வீடு திரும்பி, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்குப் படியிறங்கினேன். கதவைத் திறந்ததுமே சூடு முகத்தில் அடித்தது. ஆப்பு தரையில் கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் இரண்டு சின்ன இரும்பு ஊசிகள் உண்டு. அதிகம் எவ்வளவு, குறைவு எவ்வளவு என்பதைப் பாதரசம் அவற்றைத் தள்ளிவிட்டுக் காட்டும். காந்தம் வைத்து இழுக்கும்வரை அவை இடம் மாறா. ஒன்று ஒன்பதில் நின்றது. மற்றொன்று இருபத்தொன்றில். பாரா விழித்திருந்தாள், பெட்டி மூடியை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டபோது வாயோரம் நுரை கட்டியது.

"குளிர் கொல்லல ஐயா. காலையில வேகுது, ராத்திரி ஆறுது, சருகு ஈரம். நுரையீரல் தாங்கல" என்றார் விலங்கு மருத்துவர். பிப்ரவரி 3இல் இறந்தாள்.

நோட்டு ஆணியில் இல்லை. அலோயிஸ் அதைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது நாள், ஒன்பது எண்கள்: 10, 10, 10, கடைசிவரை 10. ஒரே பேனா, ஒரே சாய்வு. பக்கத்தின் மூலையில் காப்பிக் கோப்பையின் வட்டம். நிலவறையில் யாரும் காப்பி குடிப்பதில்லை. என் பன்னிரண்டு நோட்டுகளில் ஒரே எண் மூன்று நாள் தொடர்ந்து வந்ததே இல்லை.

பிப்ரவரி 12 கூட்டத்தில் தலைவி சன்னலை அடைத்ததை மறுக்கவில்லை. "தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சா நீங்க வந்து நிப்பீங்களா, ஹனாக்? அதுவும் நடுக்குளிர்காலத்துல பாம்பு சூடு தாங்காம செத்துச்சாமே!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் மேசையில் வைத்திருந்த என் நோட்டையே தூக்கிக் காட்டினார். "இது உங்க நோட்டு தானே? பத்துன்னு தானே எழுதியிருக்கு? நான் அடைச்சும் பத்துதான்னா, அடைச்சதுல என்ன தப்பு?"

கொண்டுபோயிருந்த வெப்பமானியில் இருபத்தொன்றில் நின்ற ஊசியைக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அடுப்புமேல காட்டினாலும் ஏறும்" என்றார்.

அலோயிஸைப் பார்த்தேன். "போனியா, அலோயிஸ்? ஒரு தடவையாவது கீழ போனியா?"

அவர் என்னைப் பார்க்காமல் தொப்பியை மடித்தார். "போனேன். பத்துதான் இருந்துச்சு."

கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிந்திருக்கிறது: "திரு ஹனாக்கின் புகார், அவரது சொந்தப் பதிவேட்டின்படியே ஆதாரமற்றது. விலங்கு அவரது கவனக்குறைவால் இறந்தது."

அன்று முதல் வியாழன் சீட்டாட்டம் இல்லை. மேல்மாடியில் அவர் நடப்பது கேட்கிறது. அவருக்குப் பாம்பென்றால் பயம் என்று அவர் மனைவி படிக்கட்டில் வைத்து எனக்குச் சொன்னார். அவர் மட்டும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேறொருவரைக் கேட்டிருப்பேன். பயம் குற்றமல்ல. தலைவி அறியாமல் செய்தார்; அதையும் மன்னிக்க வழி உண்டு. இவரோ என் நோட்டுக்குள், என் எண்களின் வரிசையில், நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். இனி அந்தப் பதினேழு ஆண்டுகளையும் யார் நம்புவார்கள்?

நோட்டின் நகல், கூட்டக் குறிப்பின் நகல், மருத்துவரின் சான்று மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். வெப்பமானி என் அலமாரியில் நிமிர்ந்தபடி இருக்கிறது. ஊசிகளைக் காந்தம் தொடவில்லை. யாரும் வந்து பார்க்கலாம். கூட்டக் குறிப்பின் அந்த இரண்டு வரிகளையும் குழு நீக்க வேண்டும்.

திரு பொஸ்பீகல் அவர்களுக்கு: கழுவிய ஜாடியை நேற்று என் கதவடியில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போயிருக்கிறீர்கள். ஜாடி பதிலாகாது. ஜனவரி 16 முதல் 24 வரை நீங்கள் நிலவறைக்குப் போனீர்களா, இல்லையா? மார்ச் 15க்குள், உங்கள் கையெழுத்தில், தேதியிட்டு, எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.