தொலைபேசிக்கு நெற்றி எது?

“ஓம் பிள்ளை, விளங்குது. நிப்பாட்டுறன்” என்றார் அந்தப் பெரியவர். நான் சொன்னது நிறுத்த வேண்டாம் என்று.

நான் இருந்தது அரியலூரில், கல்லங்குறிச்சி சாலையில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில். இலங்கைத் தமிழரான அவர் இருந்தது ஆஸ்திரேலியாவில் ஏதோ ஓர் ஊரில். அந்த நாட்டு மருத்துவமனைகளுக்குத் தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் ஒரு நிறுவனத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நர்ஸ் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இதற்கென்று ஒரு கறுப்பு மேசைத் தொலைபேசியையும், அதை இன்டர்நெட்டோடு இணைக்கும் உள்ளங்கை அகல டப்பா ஒன்றையும் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். செல்போனில் பேசக் கூடாது. நோயாளியின் பெயரோ நம்பரோ நமக்குத் தெரியாது. மணி அடித்தால் எடுத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவருக்கு இரண்டு நாளாக வாந்தி. சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். வீட்டில் தனியாக இருந்தார். சாப்பிட முடியாவிட்டாலும் ஊசியை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றாள் நர்ஸ். அதைத்தான் தமிழில் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். “அதுதான் நிப்பாட்டுறன் எண்டு சொல்லுறனே” என்று அவர் சலித்துக்கொண்டார்.

அவர் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று நர்ஸிடம் சொன்னேன். அவளுக்கும் என் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது. ஆனாலும் ஆங்கிலத்தில் ‘நோ’ முதலிலேயே வந்துவிடுகிறது. நம் தமிழில் வேண்டாம், கூடாது, இல்லை எல்லாம் கடைசியில் வந்து நிற்கும். வால் அறுந்துபோனால், நிறுத்த வேண்டாம் என்பதில் ‘நிறுத்த’ மட்டும்தான் மிஞ்சும்.

உன் லைனைச் சரிபார், சரியாகப் பதினோரு மணிக்கு மறுபடி இணைக்கிறேன் என்றாள் நர்ஸ். காலை நேரத்தில் தமிழுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. பதினோரு மணி என்றால் அங்கே மாலை நாலரை. ஐந்துக்கு அவருடைய ஊசி. அவளுடைய வேலை நேரமும் ஐந்தோடு முடிகிறது. எங்கள் சுவர்க் கடிகாரத்தில் அப்போது பத்தே கால்.

இது அந்த வாரத்தில் நான்காவது புகார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, கடைசி எழுத்து கேட்கவில்லை என்று ஏற்கனவே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நான் என் நாக்கைத்தான் திட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படி. வந்துட்டான், போயிட்டான் என்று எதையும் பாதியில் நறுக்கிவிடுவோம். பயிற்சியின்போதே ஒரு அம்மாள் “நீங்க வார்த்தையை முழுங்குறீங்க” என்று சொல்லியிருந்தாள். அதனால் நான்கு நாளாக மேடைப் பேச்சாளர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அப்படியும் புகார் நிற்கவில்லை.

முதலில் டப்பாவைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். நீல வயரை மாற்றினேன். பிறகு நெட் கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, உடனே வர முடியுமா? குரல் அறுந்து அறுந்து போவுது.”

“நான் பெரம்பலூர்ல கம்பத்து மேல நிக்கிறேன்மா. சாயங்காலந்தான் வர முடியும்.”

“சாயங்காலமா? பதினோரு மணிக்கு ஒருத்தர் உசுரு என் வாயில இருக்குண்ணே.”

கம்பத்திலிருந்து இறங்கியிருப்பார் போல, நிதானமாகக் கேட்டார். “ஒங்களுக்கு அவங்க பேசுறது நல்லா கேக்குதா?”

“கணீர்னு கேக்குது.”

“அப்ப டிவி, செல்லு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் பேசிப் பாருங்க. அந்தக் கம்பெனியில, நாம பேசுறத நமக்கே திருப்பிப் போட்டுக் காட்டுற நம்பர் ஒண்ணு குடுத்திருப்பாங்களே, அதுக்குப் போடுங்க.”

அப்படி ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அழைத்தேன். “நிறுத்த வேண்டாம்” என்றேன். இரண்டு நொடி கழித்து என் குரலே வந்தது. “நிறுத்த வே...” பிறகு ஒன்றுமில்லை. சுத்த அமைதி.

பெரியவர் காதில் விழுந்தது இதுதான். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

பயத்தில் கத்தியே விட்டேன். “நிறுத்த வேண்டாம்!” இந்தத் தடவை முழுசாகத் திரும்பி வந்தது. அந்தக் கத்தலில், சிமென்ட் ஆலையில் நைட் ஷிஃப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்துவிட்டார். அவர் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் நான் எப்போதுமே மெல்லப் பேசுவது.

செல்லை மறுபடி போட்டு, கத்தினால் கேட்கிறது என்று கனெக்‌ஷன்காரரிடம் சொன்னேன். “அதான் விஷயம்மா” என்றார். “சத்தம் கொறஞ்சா, பேச்சு முடிஞ்சிடுச்சுன்னு அந்த டப்பா வாய மூடிக்கும். அத ஆஃப் பண்ண வழி இருக்கு.”

“செட்டிங்க கம்பெனி பூட்டி வச்சிருக்குண்ணே.”

“அப்ப ஒங்க கொரல் ஏன் உள்ள போவ மாட்டேங்குதுன்னுதான் பாக்கணும். போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு? நடுவுல என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலண்ணே” என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை.

மணி பத்து ஐம்பது. என் கணவர் ரிசீவரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன?” என்றார்.

வாய்ப்பக்கத்தில், சரியாக மூன்று சிறு துளைகளின் மேல், காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும்.

சரஸ்வதி பூஜையன்று நான் வைத்த பொட்டு. தையல் மிஷின், மிக்சி, அவருடைய வண்டி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுக் கடைசியாகத் தொலைபேசியிடம் வந்தேன். “போனுக்கு நெத்தி எதுடி?” என்று அன்றைக்கு அவர் கிண்டல் செய்தார். எனக்குச் சோறு போடுவது அதன் வாய்தானே என்று, வாயிலேயே அழுத்தி வைத்தேன். தாராளமாக, நன்றாகக் குழைத்த சந்தனம். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினேன். “குடு இங்க” என்று அவர் வாங்கி, ரிசீவரைக் கவிழ்த்துப் பிடித்து, ஒவ்வொரு துளையாகக் கீறி எடுத்தார். சந்தனப் பொடி மேசையில் உதிர்ந்தது. “ஆழமாக் குத்திடாதீங்க” என்று நான்கு தடவை சொன்னேன். “வாய மூடு” என்றார். மூன்றாவது துளையில் ஊக்கு இருக்கும்போதே மணி அடித்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மறுபடி சோதித்துப் பார்க்க நேரமில்லை.

நர்ஸ் பேசினாள். பெரியவர் இணைந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “ஐயா, சாப்பிட முடியாவிட்டாலும் ஊசியை நிறுத்த வேண்டாம்.”

என் கணவர் ஊக்கைப் பிடித்தபடியே நின்றார்.

“என்ன, நிப்பாட்ட வேண்டாமோ?” என்றார் பெரியவர். “ஐயோ, நான் ஊசிப் பெட்டியை எடுத்து உள்ள வச்சுப்போட்டனே. முதல்ல நீர் நிப்பாட்டச் சொன்னீரே, பிள்ளை?”

அதையும் ஆங்கிலத்தில் நானேதான் சொல்ல வேண்டும். சொன்னேன். பெரியவர் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வரும்வரை மூவரும் காத்திருந்தோம். எந்த அளவில் போட வேண்டும் என்று அவள் சொல்ல, நான் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். கடைசியில், “இப்ப உம்மட குரல் கடைசி வரைக்கும் கேக்குது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ரிசீவரை வைத்தேன். “சரியாயிடுச்சுல்ல, போய்ச் சாப்பிடு” என்றார் என் கணவர். நான் எழுந்திருக்கவில்லை. பூஜையன்றைக்குப் பிறகு நான் பேசிய அழைப்புகளின் பட்டியல் கம்ப்யூட்டரில் இருந்தது. முப்பத்தொரு பேர். அவர்களில் எத்தனை பேரிடம் வேண்டாம் என்றேன், கூடாது என்றேன், பயப்பட ஒன்றும் இல்லை என்றேன், நினைவில்லை. இந்த முப்பத்தொரு பேரையும் மறுபடி அழைத்துக் கேளுங்கள் என்று மேலாளருக்கு எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. லைன் கோளாறு என்று போட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வேலையும் நிலைத்திருக்கும்.

சந்தனம் என்று எழுதி, அது என்ன, அதை அங்கே வைத்தது யார் என்பதையும் எழுதி அனுப்பினேன்.