பொட்டு வைத்த கார்

எழுபதுகளில் எங்கள் கரும்புக் கொல்லையோரம், இண்டூர் சாலையில், கறுப்புக் கார் ஒன்று இரண்டு வருடமாகக் கேட்பாரின்றி நின்றது. அதை எனக்கே தரும்படி போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள். சொந்தக்காரர் யாரும் வரவில்லை.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து ஏட்டு ஜீப்பில் வந்தார். கார் முழுக்கச் சந்தனப் பொட்டு. ஓடாத வண்டியாதலால் நாலு சக்கரத்தடியிலும் நசுங்காத எலுமிச்சம்பழம்.

"இதுக்கு யாருங்க பூசை போட்டது?"

"நான்தாங்க, ரெண்டு வருசமா!" என்றேன் பெருமையாக.

"அப்பிடீங்களா? ஜீப்புல ஏறுங்க, தருமபுரி கோர்ட்டுக்குப் போலாம்."

கோர்ட் என்றதும் ஜீப்பை விட்டு நாலடி பின்வாங்கினேன். திருட்டு வண்டிக்குப் பொட்டு வைத்தவன் என்று உள்ளே தள்ளப் போகிறார்கள்!

"சார், இது என் காரே இல்லீங்க! எனக்கு வேணாங்க!" கேட்காமலேயே அப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டு நீட்டினேன்.

ஏட்டு தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "வண்டிய உங்களுக்கு எழுதிக் குடுக்கத்தானுங்க மாஜிஸ்ட்ரேட் கூப்புட்டாரு."

"அப்பிடியே இன்னொரு கையெழுத்துப் போட்டு வூட்டையும் குடுத்துருங்க," என்றாள் என் மனைவி.

கார் ஏலத்தில் போனது. அடுத்த ஆயுத பூஜையில், அரைத்த சந்தனம் மொத்தத்தையும் என் சைக்கிளே தாங்கிக்கொண்டது.