உடைத்த குழாயும் கசிந்த குழாயும்

காப்பீட்டுக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்ச் சேதம் பார்க்கிற வேலை அவளுக்கு. தீ, திருட்டு எல்லாவற்றுக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஈரச்சுவர், பூஞ்சை என்றால் மட்டும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் அலுவலகத்தில் ‘பூஞ்சக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவள். கணவனோடு ஒத்துவராமல் மகளைத் தனியாக வளர்த்தவள். கறுத்த சுவரைப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கெடைக்காதுங்க” என்று சொல்வதுதான் பெரும்பாலும் அவள் பிழைப்பு. அதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு, நாயை அவிழ்த்துவிட்டவர்கூட உண்டு. கை நீட்டியவர் அதுவரை யாரும் இல்லை.

லாரி மெக்கானிக்கின் வீட்டுக்கு அவள் போனது ஒரு பட்டப்பகலில். மாடியில் வேறொரு குடும்பம், கீழ்வீடு இவர்களுடையது. மெக்கானிக்கின் மனைவி துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியபடியே கதவைத் திறந்தாள். படுக்கையறையில் இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அதன் பின்னால் தரையிலிருந்து இடுப்புயரம் வரைக்கும் கறுப்பு. விரல் வைத்தால் கரித்தூள்போல உதிர்ந்தது. சுவருக்கு மறுபக்கம் குளியலறை. அங்கே ஓடு பெயர்ந்து, குழாய் இரண்டாக உடைந்து கிடந்தது.

“எப்ப உடைஞ்சுது?”

“முந்தாநேத்து. டமார்னு சத்தம், தண்ணி பீச்சியடிச்சுது. அதுலதான் செவுரே நாறிப்போச்சு,” என்றான் மெக்கானிக். மனைவி வாய் திறக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூஞ்சக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். உடைந்த விளிம்பு பளபளவென்று இருந்தது. பக்கத்திலேயே வட்ட வட்டமாகப் பள்ளங்கள். சுத்தியல் ஓரமாகவே கிடந்தது. அதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

“அண்ணே, இது தானா உடையல. அந்தப் பூஞ்சையும் முந்தாநேத்து வந்ததில்ல.”

அவன் முகம் சிவந்தது. “கொழா ஒடைஞ்சாத்தான் கம்பெனி தரும், பூஞ்சைக்குத் தராதுன்னு ஷெட்டுல எல்லாரும் சொல்றானுங்க. வேற என்ன பண்ணச் சொல்ற? இவ நெஞ்சு விசிலடிக்குது, கேக்குதா?”

“நான் பாத்ததத்தான் எழுத முடியும்.”

“எழுதாத.”

“வழி விடுங்கண்ணே.”

அவன் விடவில்லை. பைப் ரெஞ்சு கையில் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. முகத்துக்கு வந்த அடியை இடக்கையால் தடுத்தாள். முன்கை எலும்பு காய்ந்த குச்சிபோல முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடி தோளில். விழுந்தவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். வாயெல்லாம் ரத்தமும் கரும்பொடியும்.

“விடுய்யா, செத்துருவாங்க!” என்று மனைவி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பாமலேயே முழங்கையை வீசினான். அவள் உதடு கிழிந்து, பல் ஒன்று தெறித்து விழுந்தது. இருமிக்கொண்டே தவழ்ந்து குளியலறைக்குப் போனவள் சுத்தியலோடு வந்தாள். ஒரே அடி, அவன் முழங்கால் சில்லில். அலறியபடி அவன் அலமாரியைப் பிடித்தான். அது அவனோடு சேர்ந்து சாய்ந்தது. மேல்முனை சுவரைக் கிழித்துக்கொண்டு இறங்க, பூச்சு பொத்தென்று உதிர்ந்தது. அலமாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டு அவன் கத்தினான்.

உதிர்ந்த இடத்தில், செங்கலுக்கு நடுவே, வேறொரு குழாய் தெரிந்தது. சமையலறைக்குப் போகிற குழாய். அதன் இணைப்பு துருவேறிப்போய், சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பூஞ்சக்காவுக்குப் பேச மூச்சு வரவில்லை. ஆனாலும் சொன்னாள்: “கசியுறது தெரிஞ்சும் கண்டுக்காம விட்டாத்தான் கெடைக்காது. செவுத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாமக் கசிஞ்சா உங்க பாலிசியில கெடைக்கும். பூஞ்சைக்கும் சேத்து. நீ ஒண்ணும் பண்ணாம எங்களக் கூப்புட்டிருந்தாலே போதும்டா, பாவி.”

அவன் கத்துவதை நிறுத்தினான். பிறகு நெற்றியைத் தரையில் மோதிக்கொள்ள ஆரம்பித்தான். மாடிவீட்டார் போலீசோடு வந்து பிடித்து நிறுத்தும்வரை மோதினான்.

ஆஸ்பத்திரியில் பூஞ்சக்காவின் கையில் தகடு வைத்தார்கள். இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. கோர்ட்டில் அவனுக்கு எதிராக நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அவன் உள்ளே போனான். பொய் சொல்லிக் கேட்டதால் எதுவுமே கிடையாது என்று கம்பெனி கையை விரித்தபோதும் அவள்தான் மேலதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள்.

“கையை ஒடச்சவன் வீட்டுக்கே வக்காலத்தாம்மா?”

“அவனுக்கில்ல சார். வீடும் பாலிசியும் அந்தப் பொண்ணு பேருல இருக்கு. பொய் சொன்னது அவன். அவ ஒரு வார்த்த பேசல. உடைச்ச குழாய்க்குத் தராதீங்க. கசிஞ்ச குழாய்க்குக் குடுங்க.”

அதிகாரி எரிந்து விழுந்தார். அவள் விடாமல் போனாள், மறுபடி மறுபடி. கடைசியில் படுக்கையறைச் சுவருக்கும் தரைக்கும் மெத்தைக்கும் ஒப்புக்கொண்டார்கள். குளியலறைக்கு இல்லை. பூச்சை மொத்தமாகக் கொத்தி எடுத்துப் புதுச்சுவர் பூசியதும் அந்தப் பெண்ணின் இருமல் மெல்ல அடங்கியது.

பூஞ்சக்காவுக்குத்தான் பயம் அடங்கவில்லை. ஒருமுறை வேறொரு வீட்டில், சுவரைக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்த மனிதர் வெலவெலத்துப்போனார். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மீதிச் சுவரையும் பார்த்துத்தான் வந்தாள்.

மெக்கானிக் ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் நேராக வீட்டுக்குத்தான் போனான். மனைவி கதவைத் திறக்கவில்லை. தெருவே வேடிக்கை பார்க்க, கையில் கிடைத்த கல்லையெல்லாம் எறிந்து ஜன்னல் ஒன்றுவிடாமல் நொறுக்கினான். போலீஸ் மறுபடி இழுத்துப் போனது. அன்றே பூஞ்சக்காவுக்குப் போன் வந்தது.

“அக்கா, கண்ணாடி எல்லாம் போச்சு. இதுக்குக் கெடைக்குமா?”

“வீட்டு ஆளே உடைச்சாக் கெடைக்காதும்மா. அவன் இன்னும் உன் வீட்டு ஆளா?”



“இல்லக்கா.”

“அப்பக் கெடைக்கும். எதையும் பெருக்கிடாத, வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்தாள்.